உஷார்! உங்கள் நல்ல மண்ணே ப்ளூபெர்ரியைக் கொல்லும்

ஆடி பிறக்கப் போகிறது. விதையும் நாற்றும் தேடி நாம் அலையும் காலம் இது என்று விற்பவர்களுக்கும் தெரியும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களின் செல்போனுக்கு இந்நேரம் அந்த விளம்பரம் வந்திருக்கும். சின்னத் தொட்டி, முழங்கால் உயரச் செடி, இலையே தெரியாத அளவுக்குக் கொத்துக் கொத்தாக நீலப் பழங்கள். கீழே மூன்று வாக்கியங்கள். எந்த மண்ணிலும் வளரும். எந்த வெயிலையும் தாங்கும். ஆறே மாதத்தில் காய்க்கும்.

மூன்றும் பொய். பணம் கட்டுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

நான் கோவையில் இருக்கிறேன். பல வருடமாக மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி, கீரை, அவரைப் பந்தல் என்று வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நான்கு ப்ளூபெர்ரிச் செடிகளை இணையத்தில் வாங்கினேன். வந்தவை அசல் செடிகள்தான், அதில் குறையில்லை. செம்மண், நன்கு மக்கிய தொழு உரம், மண்புழு உரம், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று நான் எப்போதும் போடும் கலவையில் நட்டேன். தக்காளி இதில் காடாக வளரும். காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றினேன்.

முதல் மாதம் நான்கும் துளிர்விட்டன. இரண்டாவது மாதம் புதுத் துளிர்கள் மட்டும் வெளுத்தன. இலை முழுக்க எலுமிச்சை மஞ்சள், நடுவில் ஓடும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல் தனியாகத் தெரிந்தன. சத்துக் குறைவு என்று நினைத்தேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், பஞ்சகவ்யம் தெளித்தேன், மண்புழு உரம் இன்னும் ஒரு கைப்பிடி வைத்தேன். இலை ஓரங்கள் காய்ந்து பழுப்பாகச் சுருண்டன. ஐந்தாவது மாதம் நான்கும் குச்சி.

ஒன்றைப் பிடித்து இழுத்தபோது சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. நர்சரிப் பையிலிருந்து எடுத்து வைத்தபோது எந்த வடிவத்தில் இருந்ததோ, அதே உருண்டை. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு வேர்கூட அந்த உருண்டையைத் தாண்டி என் மண்ணுக்குள் போகவில்லை. அத்தனை ஆசையாகக் கலந்த மண்ணை அந்தச் செடி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் இந்தச் செடியின் கதையைத் தேடிப் படித்தேன். ப்ளூபெர்ரி வட அமெரிக்காவின் காட்டுச் செடி. நூறு வருடத்துக்குச் சற்று முன்வரை அதை யாராலும் தோட்டத்தில் வளர்க்க முடியவில்லை. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர் 1906-இல் சோதனையைத் தொடங்கினார். 1910-இல் தன் முடிவை வெளியிட்டார். நன்றாக எரு போட்ட வளமான தோட்ட மண்ணில் ப்ளூபெர்ரி வளராது, சுண்ணாம்பு கலந்த மண்ணில் செழிக்காது, அதற்கு வேண்டியது புளித்த மண், அமில மண். அதைப் படித்துவிட்டு நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் வைட் என்ற பெண்மணி அவரோடு சேர்ந்துகொண்டார். காட்டில் பழம் பறிப்பவர்களிடம் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் காட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார், கண்டுபிடித்தவர்களின் பெயரையே புதர்களுக்கு வைத்தார். 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. இன்று கடையில் டப்பாவில் விற்கும் பழத்தின் கதை அங்கேதான் ஆரம்பம். 1910-இல் அச்சேறிய எச்சரிக்கையை இன்று செடி விற்கும் ஒருவரும் நம்மிடம் சொல்வதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

மண்ணின் அமில காரத் தன்மையை பி.எச். என்று அளப்பார்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ப்ளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். கோவை, திருப்பூர் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் 8 காட்டுவது சாதாரணம். மூன்று புள்ளிதானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. 8-க்கும் 5-க்கும் இடையே ஆயிரம் மடங்கு. கார மண்ணில் இரும்புச்சத்து கரையாமல் பூட்டிக்கொள்ளும். மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதன் காரணம் இதுவே. தக்காளியும் கத்தரியும் இதைச் சமாளிக்கும். ப்ளூபெர்ரியின் வேரில் மற்றச் செடிகளுக்கு இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளே கிடையாது. தலைமுடி போன்ற வேர்கள் மேல்மண்ணில் பரவி, கூடவே வாழும் ஒருவகைப் பூஞ்சையை நம்பிச் சத்தை எடுக்கின்றன. உப்பு, காரம், தேங்கிய நீர், ஒருநாள் வறட்சி, எதையும் அந்த வேர் தாங்காது.

இப்போது நம் பழக்கங்களை யோசித்துப் பாருங்கள். அடுப்புச் சாம்பல் காரம். முட்டை ஓடு சுண்ணாம்பு. எலும்புத் தூளிலும் சுண்ணாம்புச் சத்து. தொழு உரமும் மண்புழு உரமும் பெரும்பாலும் நடுநிலை அல்லது காரம், கூடவே உப்பு. நம் அம்மாவும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த அத்தனை நல்ல பழக்கமும் இந்த ஒரு செடிக்கு விஷம். கவனிப்பில்லாமல் சாகும் செடிகளைப் பார்த்திருக்கிறோம். இது கவனிப்பால் சாகும்.

மண்ணைவிட மோசமான எதிரி தண்ணீர், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் எவ்வளவு செலவு செய்து அமிலக் கலவை தயார் செய்தாலும், அதில் தினமும் போர் தண்ணீர் ஊற்றினால் சில மாதத்தில் அந்த வேலையெல்லாம் வீண். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு குவளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் காரமாக்கிக்கொண்டே போகும். உங்கள் தொட்டியின் வெளி ஓரத்தில் வெள்ளைப் பூச்சு படிகிறதா? குளியலறைக் குழாய் முனையில் சுண்ணாம்புக் கட்டி அடைக்கிறதா? அப்படியென்றால் அந்தத் தண்ணீர் ப்ளூபெர்ரிக்கு ஆகாது, அவ்வளவுதான். மழைநீர் உத்தமம். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் பரவாயில்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பு செறிந்த அந்தத் தண்ணீரை ஒரு நாள்கூட இதற்கு ஊற்றாதீர்கள்.

அமிலம்தானே வேண்டும், ஊற்றிவிட்டால் போச்சு என்று வீடியோக்களில் சொல்லும் வைத்தியங்களைக் கண்டு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பழைய பேட்டரி ஆசிடை நீரில் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். அது கந்தக அமிலம், தெறித்தால் தோலும் கண்ணும் போகும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்தால் அதோடு ஈயமும் வரும், அது பழத்தொட்டியில் இருக்கவே கூடாத நஞ்சு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். படிகாரம் போடச் சொல்பவர்களும் உண்டு. படிகாரத்தில் இருப்பது அலுமினியம், அமில மண்ணில் அது கரைந்து வேரையே சுடும். காபி வடிகட்டிய சக்கை கிட்டத்தட்ட நடுநிலைக்கு வந்துவிடுகிறது, அதை நம்பிப் பயனில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் சில நாள் வேடிக்கை காட்டும், பிறகு மண் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சரியான வழி தூள் கந்தகம். ஆனால் அதை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். செடி வாங்குவதற்கு முன்பே கலந்து, ஈரமாக வைத்து, அளந்து பார்த்து, பிறகே நட வேண்டும். செடி வாடிய பிறகு கந்தகம் போடுவது வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுவது.

மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வானிலையை நம்மால் மாற்ற முடியாது. ப்ளூபெர்ரி பூப்பதற்குக் குளிர் வேண்டும். குளிர்காலத்தில் சுமார் 0 முதல் 7 டிகிரிக்குள் செடி கழிக்கும் நேரத்தைக் குளிர்மணி என்று கணக்கிடுவார்கள். அமெரிக்க வடமாநிலங்களின் ப்ளூகிராப், டியூக் போன்ற ரகங்களுக்கு 800 மணிக்கும் மேல் தேவை. கோவையில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம், எல்லாவற்றுக்கும் குளிர்மணி பூஜ்யம். இங்கே ப்ளூகிராப் வைத்தால் அது இலைச் செடி மட்டுமே. பூக்காது.

குறைந்த குளிர் போதும் என்று ஃப்ளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் உருவாக்கிய தென்னக ரகங்கள் உண்டு. ஷார்ப்ப்ளூ, மிஸ்டி, எமரால்டு, ஜூவல், 1998-இல் வெளியான பிலாக்சி ஆகியவை அந்தக் கூட்டம். விற்பவர்கள் உடனே பெரு நாட்டை உதாரணம் காட்டுவார்கள். "பாலைவனத்திலேயே பிலாக்சி காய்க்குது, நம்மூர்ல காய்க்காதா?" என்பார்கள். பாதி உண்மை இப்படித்தான் முழுப் பொய்யைவிட ஆபத்தாகிவிடுகிறது. பெருவின் கடலோரப் பாலைவனத்தில் ப்ளூபெர்ரி விளைவது நிஜம், இன்று உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. ஆனால் அந்தக் கரையை ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் தழுவிப் போகிறது. கோடையிலேயே அங்கே 30 டிகிரியை அதிகம் தாண்டாது. சொட்டுநீரில் அமிலத்தையும் உரத்தையும் கணக்குப் போட்டு விடுகிறார்கள். நம் அக்கினி நட்சத்திரத்தில் மொட்டைமாடி சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அந்தத் தரையில் கறுப்பு க்ரோ பேக்கில் இருக்கும் வேருக்கு என்ன ஆகும்? 30 டிகிரியைத் தாண்டினாலே இந்தச் செடி உணவு தயாரிப்பது குறைந்துவிடும். நமக்கு மூன்று மாதம் 38, 40.

அதனால் ரகத்தின் பெயர் இல்லாமல் வெறும் "ப்ளூபெர்ரி" என்று விற்கும் செடியை வாங்கவே வாங்காதீர்கள். ரகம் தெரியாதவருக்குச் செடியைப் பற்றி எதுவும் தெரியாது.

பாக்கெட் விதை விற்பவர்கள் இன்னொரு கூட்டம். பிரகாசமான நீல நிறத்தில் விதையின் படம் போட்டிருந்தால் சாயம் அல்லது வேறு செடி. அசல் ப்ளூபெர்ரி விதை கசகசாவைவிடச் சற்றுப் பெரியது, பழுப்பு நிறம். அது முளைத்தாலும் தாய்ச் செடியின் குணம் வராது, காய்க்கப் பல வருடம் ஆகும். தோட்டக்காரர்கள் எல்லா இடத்திலும் தண்டுக் குச்சியிலோ திசு வளர்ப்பிலோ வந்த செடியையே நடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை நான் அவசரமாக எழுதக் காரணமான சம்பவத்துக்கு இப்போது வருகிறேன். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். நாலு வயதுக் குழந்தை. போன வருடம் இணையத்தில் ப்ளூபெர்ரி என்று இரண்டு செடி வாங்கினாள். என் செடிகள் செத்த கதை அவளுக்குத் தெரியாது. அவள் செடி செழித்தது, அழகான நீல ஊதாப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கின. பூவே நீலம் என்றதும் சந்தேகம் வரவில்லை. பிறகு மஞ்சள் நிறத்தில் பட்டாணி அளவுப் பழங்கள் வந்தன.

"அக்கா, பழுக்கப் பழுக்க நீலமாகுமுங்களா? பாப்பா தெனமும் கேட்டுட்டே இருக்குதுங்க" என்று ஒருநாள் என்னை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது துரந்தா. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் வேலிக்கு வைக்கும் அதே செடி. அதன் பழம் நஞ்சு. தின்றால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகும். குழந்தைகள் இறந்ததும் உண்டு. நல்லவேளை, பாப்பா நீலமாகட்டும் என்று காத்திருந்தது. அன்றே இரண்டையும் வேரோடு பிடுங்கிக் குழந்தையின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தினோம்.

"காசு போனாப் போகட்டுங்கக்கா. புள்ளைகிட்ட நானே பழம் வரும், பறிச்சுத் திங்கலாம்னு சொல்லி வெச்சேனுங்களே" என்று அவள் அழுதாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே அசலை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன், மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ப்ளூபெர்ரியில் இலைகள் ஒன்று இந்தப் பக்கம், அதற்குச் சற்று மேலே இன்னொன்று அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். ஒரே கணுவில் இரண்டு இலை எதிரெதிராக, நாவலிலும் கொய்யாவிலும் இருப்பதுபோல் ஜோடியாக இருந்தால் அது ப்ளூபெர்ரி இல்லை. முள் இருக்காது, ஒடித்தால் பால் வராது. பூ நீலமாக இருக்கவே இருக்காது. வெள்ளையாக அல்லது லேசான ரோஜா நிறத்தில், கவிழ்த்த சின்னக் குடுவை மாதிரி தலைகீழாகத் தொங்கும். பழத்தின் அடியில் மாதுளையின் கிரீடத்தைக் குட்டியாக்கியதுபோல் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். மேலே விரலால் தேய்த்தால் போகும் வெள்ளைச் சாம்பல் பூச்சு. இவ்வளவும் ஒத்துப்போனால் ஒழிய, பெயர் தெரியாத பழம் எதையும் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

அப்படியானால் தமிழர் யாருமே இதை வளர்க்க முடியாதா? முடியும், இடம் சரியாக இருந்தால். உங்கள் ஊரில் தேயிலை விளைகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைக்கும் இதே அமில மண்தான் வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், இலங்கையில் நுவரெலியா பக்கம் வீடு இருப்பவர்கள் தைரியமாக முயலலாம். தோட்டத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால் மண் அமிலம், ரோஜா நிறமாகப் பூத்தால் அமிலம் போதாது. நீலகிரிச் சோலைகளில் செக்கச்செவேல் என்று பூக்கும் காட்டுப்பூவரசு ப்ளூபெர்ரியின் குடும்பம். இன்னும் நெருங்கிய சொந்தமும் அங்கே உண்டு. வாக்சினியம் என்ற ப்ளூபெர்ரிப் பேரினத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகள் அந்த மலைகளில் தாமாகவே வளர்கின்றன, அதில் ஒன்றின் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு என் எச்சரிக்கை வேறு. மழைக்காலத்தில் அடியில் நீர் தேங்க விடாதீர்கள், மேட்டுப்பாத்தியில் நடுங்கள். முதல் வருடப் பூக்களை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், வேர் பிடிக்கட்டும். இரண்டு ரகங்களாவது அருகருகே இருந்தால் பழம் பெரிதாகும். கொண்டைக்குருவிகள் உங்களுக்கு முன் ருசி பார்த்துவிடும், வலை கட்டுங்கள்.

சமவெளியில் இருந்துகொண்டு எப்படியும் முயல்வேன் என்பவர்களை நான் தடுக்க முடியாது. செலவும் உழைப்பும் தெரிந்து இறங்குங்கள். தோட்ட மண் ஒரு பிடிகூட வேண்டாம். தென்னைநார்க் கழிவை உப்புப் போகப் பலமுறை அலசி, பெர்லைட்டும் பைன் பட்டைத் துண்டும் கலந்து, அகலமான பெரிய தொட்டியில் வையுங்கள். பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு வெளிநாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் கப்பலேறுகிறது, நமக்குக் கையெட்டும் தூரம். அலசாத கட்டியை அப்படியே போட்டால் அதில் உள்ள உப்பே முடித்துவிடும். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்ஃபேட் மட்டும், அதுவும் சிட்டிகை அளவில். கால்சியம் நைட்ரேட், பொட்டாஷ் உப்பு இரண்டும் கூடாது. காலை வெயில் போதும், பகல் பத்து மணிக்கு மேல் நிழல்வலை. மழைநீர் இல்லையென்றால் எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தண்ணீரில் கலந்து, பி.எச். 5 பக்கம் வரும்வரை அளந்து ஊற்றுங்கள். இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று யாராவது பொது அளவு சொன்னால் நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் வேறு. இவ்வளவு செய்தும் கோடை தாண்டும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நீல நிறச் சத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்றால், அதே வகை நிறச்சத்து நாவற்பழத்திலும் மல்பெரியிலும் இருக்கிறது. மல்பெரிக் குச்சியை நம் மண்ணில், நம் போர் தண்ணீரில் நட்டு, அவ்வப்போது கவாத்து செய்தால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு அதைத்தான் ஒரு தொட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது பறித்துத் தின்கிறது.

செடி வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு பி.எச். பேப்பர் வாங்குங்கள். மீன் தொட்டி விற்கும் கடையில் கிடைக்கும். வீட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். 7-க்கு மேல் காட்டினால் அந்த விளம்பரத்தை மூடிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இப்போதே மாடிக்குப் போய் ஒரு தண்டைப் பிடித்து இலைகளைப் பாருங்கள். எதிரெதிர் ஜோடியாக இருந்து, வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால், அது என்ன செடி என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பழம் வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.